ஒன்பது செக்கன்

ஹாகன், மேற்கு ஜேர்மனி
22.01.1989

அன்புள்ள அக்காவுக்கு,

ஐயாவின் முப்பத்தோராம் நாள் முடிந்திருக்கும் என்று நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தபிறகுதான் பேனையை எடுத்தேன். தந்தி எனக்கு எட்டாம் நாள் கிடைத்தது. கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன் என்று பக்கத்து வளவுத் தில்லைநாதன் அண்ணை எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அறைக்குள் இருந்தேன்.

இங்கே வந்து நாலு வருடத்தில் உங்களுக்கென்று நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஐயாவுக்கு எழுதும்போது கடைசி வரியில் ‘அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்’ என்று எழுதுவேன். இனி அந்த வரியை யாருக்கு எழுதுவது? அதனால் நேரே உங்களுக்கே எழுதுகிறேன்.

தில்லைநாதன் அண்ணை இன்னொன்றும் எழுதினார். எண்பத்தேழு ஐப்பசிச் சண்டைக்குப் பிறகு எங்கள் வீதிக்கு வரும் மூன்று லைனில் ஒன்றில்தான் கரண்ட் வருகிறதாம். மூன்று லைனும் இல்லாமல் ஐயாவின் பட்டறையில் இரும்பு கடையும் லேத் சுற்றாது. பருத்தித்துறையிலிருந்து ஒருவர் இரண்டு தரம் வந்து லேத்தை விலைக்குக் கேட்டுவிட்டுப் போனாராம்.

அக்கா, விற்கவேண்டாம். நான் வேலை செய்யும் இடத்தில் முதல் இரண்டு வருடம் தரை கூட்டினேன். இப்போது மின்சாரப் பெட்டிகளுக்கு வயர் பூட்டுகிறேன். இங்கே ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு லைனைக் கொடுத்தால் அது மூன்றாக்கி மோட்டருக்குத் தரும். அதோடு, எவ்வளவு வேகத்தில் சுற்றவேண்டும், எவ்வளவு மெதுவாகத் தொடங்கவேண்டும், எத்தனை செக்கனில் நிற்கவேண்டும் என்று நாங்கள் எண்களில் சொன்னால் அப்படியே கேட்டு நடக்கும். புது மாதிரி வந்ததால் கழற்றி வைத்த பழைய பெட்டி ஒன்றை எங்கள் மேற்பார்வையாளர் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் ஓம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பி,
தியாகராசா

•

புத்தூர்
02.03.1989

தம்பி ராசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதே. இடது கையால் எழுதத் தொடங்கி ஐந்து வருடமாகிறது. கடிதம் எழுத ஆள் இல்லாததால் கை இன்னும் பழகவில்லை.

ஐயா வருத்தப்படாமல் போனார் என்று உனக்கு யாராவது எழுதியிருந்தால் அது பொய். மூன்று கிழமை படுக்கையில் கிடந்தார். அந்த மூன்று கிழமையும் உன் கதைதான். பார்க்க வந்த எல்லாரிடமும், “என்ரை பெடியன் அண்டைக்கு ஓடிவந்து சுவிச்சை நிப்பாட்டேல்லையெண்டால் எனக்கு இவள் இல்லை” என்று சொன்னார். நான் பக்கத்தில் இருந்து, வலது கையில் மிச்சமிருக்கிற பெருவிரலாலும் சின்னிவிரலாலும் கரண்டியைப் பிடித்து அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதற்கெல்லாம் “ஓம் ஐயா” என்றேன்.

அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ஐயா உன்னை அடித்தே கொன்றுவிடுவார் என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது. கையைப் பார்க்க முன்னமே, “தம்பிதான் நிப்பாட்டினவன்” என்று சொன்னேன். சுவரில் இருந்த சுவிச்சை இடது கையால் எட்டி அடித்தது நான் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஐயா உன் தோளில் தட்டி அழுதபோது நீ வாய் திறக்கவில்லை. ஆறு மாதத்தில் ஜேர்மனிக்குப் போய்விட்டாய். ஆமிக்காரர் பெடியன்களைப் பிடிக்கிறார்கள், அதுதான் போகிறான் என்று ஊர் சொன்னது. நானும் அப்படியே சொன்னேன்.

பெட்டியை அனுப்ப விருப்பமென்றால் அனுப்பு. ஆனால் அதோடு ஒன்றை எழுதி அனுப்பு. அன்றைக்குச் சுற்றிக்கொண்டிருந்த இரும்பை மினுக்கிக்கொண்டிருந்தவன் நீ. “ஒரு நிமிசம் பிடியுங்கோ அக்கா” என்று எமரித் துணியை என் கையில் தந்துவிட்டு எங்கே போனாய்? துணி என் விரல்களையும் சேர்த்து இழுத்தபோது எங்கே நின்றாய்?

எனக்கு உன்னிடம் வேறொன்றும் வேண்டாம்.

அக்கா,
பராசக்தி

•

ஹாகன்
11.06.1989

அன்புள்ள அக்காவுக்கு,

பருத்தித்துறை லயனல் மாஸ்டர் தன் மகளைப் பார்க்க இங்கே வந்திருந்தார். திரும்பிப் போகும்போது பெட்டியைத் தன் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவதாகச் சம்மதித்தார். ஆறு கிலோ. பெட்டிக்கு இடம் விட அவருடைய குளிர்க்கோட்டை நான் தபாலில் அனுப்பவேண்டும் என்பது ஒப்பந்தம்.

பெட்டியோடு வரும் புத்தகம் ஜேர்மன் மொழியில் இருக்கிறது. அதை அடுப்பு மூட்ட வைத்துக்கொள்ளுங்கள். தேவையானதை நான் எழுதுகிறேன்.

பெட்டியின் கீழே இரண்டு வரிசையாகத் திருகாணிகள் இருக்கும். இடப்பக்கம் இரண்டில் வீதியிலிருந்து வரும் லைனையும் நியூட்ரலையும் பூட்டுங்கள். வலப்பக்கம் மூன்றிலிருந்து மோட்டருக்குப் போகவேண்டும். இந்த இரண்டு பக்கமும் மாறக்கூடாது. மாறினால் பெட்டி அந்த நிமிடமே செத்துப்போகும். பச்சையும் மஞ்சளும் கலந்த வயர் நிலத்துக்கு. ஐயா தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்ட மாதிரிச் சுற்றாமல், ஈரமான இடத்தில் ஆறு அடிக் கம்பி இறக்கிக் கட்டவேண்டும்.

பெட்டிக்கும் மோட்டருக்கும் நடுவில் எந்தச் சுவிச்சும் இருக்கக்கூடாது. சுவரில் இருக்கும் பழைய சுவிச்சைக் கழற்றி எறிந்துவிடுங்கள். இனித் தொடங்குவதும் நிறுத்துவதும் பெட்டியிடம் சொல்லித்தான்.

இதுதான் மிக முக்கியம். கரண்டை நிறுத்தியதும் பெட்டிக்குள் கை வைக்காதீர்கள். வெளியே எல்லாம் அணைந்த பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும். ஒரு சிறிய சிவப்பு வெளிச்சம் எரியும். அது தானாக அணையும்வரை ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். அக்கா, இதை இரண்டு தரம் படியுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றதைப் பிறகு எழுதுகிறேன். மாஸ்டர் வாசலில் நிற்கிறார், உறைக்குள்ளும் இடம் இல்லை.

தம்பி,
தியாகராசா

•

புத்தூர்
30.07.1989

தம்பி ராசனுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. வழியில் மூன்று இடத்தில் திறந்து பார்த்தார்களாம். கடைசி இடத்தில் ஒரு ஆமிக்காரன் இது என்னவென்று கேட்க, மாஸ்டர் கரும்பலகை இல்லாத குறையாக அரைமணி நேரம் இங்கிலிஷில் பாடம் எடுத்திருக்கிறார். வெயிலில் நின்ற அவன் களைத்துப்போய், கொண்டுபோ என்று விட்டுவிட்டான்.

நான் வயர் பூட்டினேன். நானேதான். வலது கையின் இரண்டு விரலால் வயரை இடுக்கிப் பிடித்து, இடது கையால் திருப்புளியைத் திருகினேன். ஒரு திருகாணிக்குப் பத்து நிமிடம் எடுத்தது. ஐயாவோடு இருபது வருடம் வேலை செய்த அடைக்கலநாதன் அண்ணை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. “பிள்ளை, உது எங்களுக்குச் சரிவராது. வித்துப்போட்டு நிம்மதியா இரு” என்றார். இருபது வருடமாக இந்த லேத்தில்தான் அவர் சாப்பிட்டார். அந்த மனிதனுக்கே இப்போது அது பிடிக்கவில்லை. என் விரல்களைப் பொறுக்கியெடுத்தது அவர்தான். அது உனக்குத் தெரியாதென்று நினைக்கிறேன்.

நிலத்துக்குக் கம்பியைக் கிணற்று வாய்க்கால் ஓரத்தில் இறக்கினோம். முதலில் கரண்டைக் கொடுத்து நிறுத்திப் பார்த்து, சிவப்பு வெளிச்சத்துக்கு ஐந்து நிமிடம் பொறுத்திருந்தேன். அது அணைய ஐந்து நிமிடம் எடுக்கவில்லை, மூன்றிலேயே அணைந்துவிட்டது. ஆனாலும் ஐந்து நிமிடம் இருந்தேன்.

திரும்பக் கரண்ட் கொடுத்ததும் பெட்டியில் எண்கள் வந்தன. தொடங்கச் சொன்னேன். லேத் சுற்றியது ராசன். முழுதாய் ஒன்றே முக்கால் வருடத்துக்குப் பிறகு சுற்றியது. எனக்கு முதலில் வந்தது சந்தோசமில்லை. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பிறகு அண்ணையை இழுத்து வந்து ஒரு இரும்பைப் பூட்டிக் கத்தியை வைக்கச் சொன்னேன். கத்தி நூலளவு பட்டதும் மோட்டர் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. மூன்று தரம் பார்த்தோம். சும்மா சுற்றுகிறது, வேலை என்றால் படுத்துவிடுகிறது. அண்ணைக்கு முகத்தில் ஒரு சந்தோசம்.

உறைக்குள் இடம் இல்லையென்றால் பெரிய உறை வாங்கு.

அக்கா,
பராசக்தி

•

ஹாகன்
18.09.1989

அன்புள்ள அக்காவுக்கு,

பிழை என்னுடையது. உங்கள் வயரிங் சரி. மோட்டருக்குள் செய்யவேண்டிய ஒரு மாற்றத்தை நான் எழுத மறந்துவிட்டேன்.

மோட்டரின் பக்கத்தில் உள்ளங்கையளவு மூடி ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினால் ஆறு முனைகளும் மூன்று பித்தளைத் தகடுகளும் தெரியும். இப்போது அந்தத் தகடுகள் ஒரே வரிசையில் படுத்து, மூன்று முனைகளை ஒன்றாகக் கட்டியிருக்கும். முந்தி மூன்று லைன் வந்தபோது நானூறு வோல்ட் கிடைத்தது, அதற்கு அந்தக் கட்டுச் சரி. இந்தப் பெட்டி தருவது இருநூற்று முப்பதுதான். அதே கட்டில் விட்டால் மோட்டருக்கு அரைவயிறுதான் நிரம்பும். தகடுகளைக் கழற்றி, மேல் முனையையும் அதற்கு நேரே கீழ் முனையையும் சேர்த்து ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பூட்டுங்கள். மூன்று தகடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அதன்பிறகு பெட்டியின் எண்கள். மோட்டரின் தகரத்தில் இருநூற்று இருபது வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று அடித்திருக்கும், அதை மூன்றாம் எண்ணில் போடுங்கள். ஏழாம் எண் தொடங்கும் நேரம். அதில் பத்துச் செக்கன் போடுங்கள். லேத் திடுக்கிட்டுப் பாயாமல் மெல்லமெல்ல வேகம் எடுக்கும். எட்டாம் எண் நிற்கும் நேரம். பழைய சுவிச்சை நிறுத்தினால் லேத் நிற்க ஒன்பது செக்கன் எடுத்தது. எட்டாம் எண்ணில் இரண்டு என்று போடுங்கள். இந்த எண்களைக் கரண்ட் போனாலும் பெட்டி மறக்காது. எத்தனை வருடம் கழித்துக் கரண்ட் வந்தாலும் நீங்கள் கடைசியாகப் போட்டதுதான் இருக்கும்.

பெட்டியோடு வந்த பெரிய சிவப்புப் பொத்தானைச் சுவரில் பூட்டவேண்டாம். லேத்தின் உடம்பிலேயே, உங்கள் இடது கை தானாக விழும் இடத்தில் பூட்டுங்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மாஸ்டரின் கோட்டை அனுப்பிவிட்டேன்.

தம்பி,
தியாகராசா

•

புத்தூர்
26.11.1989

தம்பி ராசனுக்கு,

தகடுகளை நிமிர்த்திப் பூட்டினோம். லேத் இரும்பைக் கடித்துக்கொண்டு போகிறது. முதல் வேலை தில்லைநாதன் அண்ணையின் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு ஒரு தண்டு. அளவு பார்த்தது நான், கத்தி பிடித்தது அடைக்கலநாதன் அண்ணை. இப்போது அவர் வாசலில் நிற்பதில்லை. “ஜேர்மன்காரன் கெட்டிக்காரன்தான்” என்று உன்னைச் சொல்கிறாரா அந்த ஊர்க்காரரைச் சொல்கிறாரா தெரியாது. வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு வள்ளக்காரர்கூட வந்து, வேலை செய்து தருவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்று நடந்தது. நீ சொன்னபடி எட்டாம் எண்ணில் இரண்டு போட்டேன். முழு வேகத்தில் ஓடவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமர்த்தினேன். பெட்டியில் இருந்த எண்கள் மறைந்து ஏதோ இரண்டு எழுத்து மின்னத் தொடங்கியது. லேத் நிற்கவில்லை. ராசன், நான் பொத்தானை அமர்த்திக்கொண்டே நிற்கிறேன், அது தன்பாட்டில் சுற்றுகிறது. அண்ணை மாதாவைக் கூப்பிட்டார். நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு எண்ணினேன். ஒன்பது.

அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரித் துணைக்கு வருகிற சின்னம்மா, “என்னடி, பேய் கண்டனியோ” என்று கேட்டார். ஓம் என்றேன்.

பிறகு உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒன்பது செக்கன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது தெரியும், ஏனென்றால் நான் அன்றைக்கு எண்ணினேன். கை துணியிலிருந்து கழன்றபிறகும் அது சுற்றிக்கொண்டே இருந்தது, வேறென்ன செய்வதென்று தெரியாமல் எண்ணினேன். ஐயா ஒருநாளும் எண்ணியதில்லை. அண்ணையைக் கேட்டேன், “கொஞ்ச நேரம் ஓடும் பிள்ளை, ஆர் எண்ணினது” என்றார். இந்த ஊரில் அந்தக் கணக்கு என் ஒருத்தியிடம்தான் இருந்தது. உனக்கு எப்படிக் கிடைத்தது?

லேத் ஏன் நிற்கவில்லை என்று எழுது. இதையும் எழுது. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுவாயானால் லேத்தை விற்றுவிடுவேன்.

அக்கா,
பராசக்தி

•

ஹாகன்
04.04.1990

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் தை மாதமே வந்தது. ஐந்து தரம் பதில் எழுதிக் கிழித்தேன்.

முதலில் லேத். சுற்றிக்கொண்டிருக்கும் பாரத்தை இரண்டே செக்கனில் பிடித்து நிறுத்தினால் அதன் வேகம் எங்காவது போயாகவேண்டும். அது கரண்டாக மாறிப் பெட்டிக்குள் திரும்பி வருகிறது. பெட்டியால் அவ்வளவையும் விழுங்க முடியாது. உடைந்துபோகாமல் இருக்க அது மோட்டரைக் கைவிட்டுவிடும். பிறகு லேத் பழையபடி தன்பாட்டில் ஓடி நிற்கும். நீங்கள் கண்டது அதைத்தான். வருகிற கரண்டை எரித்து வெப்பமாக்க ஒரு தடைச் சுருள் வேண்டும். அதை நான் முதலிலேயே அனுப்பியிருக்கவேண்டும், நினைக்கவில்லை. இப்போது கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன், லயனல் மாஸ்டரின் மருமகன் எடுத்துவருவார். வீட்டில் அடுப்பு மாதிரிச் சுடும், மரத்தில் பூட்டவேண்டாம். பெட்டியின் வலது மூலையில் தனியே இருக்கும் இரண்டு திருகாணியில் அதைப் பூட்டுங்கள். அதன்பின் இரண்டு செக்கனில் நிற்கும். இது சத்தியம்.

இனி மற்றது.

படலையடியில் கூட்டாளிமார் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக் கதை கதைக்கத்தான். உங்களிடம் துணியைத் தந்துவிட்டுப் பட்டறை வாசல்வரை போனேன். துணியை விரலில் சுற்றவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பட்டறையில் ஐயாவும் நானும் எல்லாரும் சுற்றித்தான் பிடிப்போம், அப்போதுதான் மினுக்கம் வரும் என்று ஐயா சொல்வார். சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் கத்தியபோது நான் வாசலில் நின்றேன் அக்கா. திரும்பிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கண்டேன். சுவிச்சு எனக்கு இரண்டு அடியில் இருந்தது, கையை நீட்டினால் எட்டும். நான் வெளியே ஓடினேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், ஆறு வருடமாக நானும் அதைத்தான் கேட்கிறேன். நீங்கள் சுவிச்சை அடித்த சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. லேத்தின் சத்தம் குறைய ஒன்று, இரண்டு என்று என் வாய் எண்ணியது. கிணற்றடிவரை ஓடினேன். சத்தம் அடங்கியபிறகுதான் திரும்பி வந்தேன். என் அக்காவை அது தின்று முடிக்கும்வரை கிணற்றடியில் காத்து நின்றவன் நான். அதற்குப் பிறகு ஐயா என் தோளில் கை வைத்தார்.

இங்கே நான் பூட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் நிற்கும் நேரத்தைப் போடும்போது உங்கள் கை எனக்குத் தெரிகிறது. அந்தக் கையைத் திரும்பப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் வந்தேன். பெடியன்களைப் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு வாய்த்த சாட்டு.

நீங்கள் இனி எழுதாவிட்டாலும் சுருளை மட்டும் பூட்டுங்கள்.

தியாகராசா

•

புத்தூர்
19.08.1990

என் தம்பி ராசனுக்கு,

உன் கடிதமும் சுருளும் வைகாசிக் கடைசியில் ஒன்றாக வந்தன. உடனே பதில் எழுதவில்லை என்று நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று தெரியும். முதலில் வேண்டுமென்றே எழுதவில்லை. பிறகு எழுத வழியில்லை. ஆனியில் திரும்பச் சண்டை தொடங்கியது. தபால் இல்லை. லயனல் மாஸ்டர் கண் வைத்தியத்துக்காக எப்படியோ கொழும்புக்குப் போகப் பார்க்கிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சுருளை ஒரு இரும்புத் தகட்டில் பூட்டினோம். பொத்தானை அமர்த்தினேன். இரண்டு செக்கன். கழுத்தில் பிடித்து நிறுத்தின மாதிரி நின்றது. அண்ணை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் சேட்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, “பிள்ளை, உது அண்டைக்கு இருந்திருந்தால்” என்றார். நான் வேலையைப் பாருங்கோ என்றேன்.

உன் கடிதத்தை எட்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். கோபமா என்றால், ஓம், கோபம்தான். இரண்டு அடி ராசன். கையை நீட்டியிருக்கலாம். அதை நான் மறைக்கமாட்டேன். நீ ஓடின முதுகை நான் அன்றைக்கே கண்டேன், உன் நீலச் சேட்டு எனக்கு இன்னும் தெரியும். எனக்குத் தெரியாததை நான் உன்னிடம் கேட்கவில்லை. உன் கையால் எழுதி வரவேண்டும் என்றுதான் கேட்டேன்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது.

அன்றைக்கு நான் கண்டது உன் முதுகை மட்டுமல்ல. உன் முகத்தையும் கண்டேன். வாசலில் நின்றாய், வாய் திறந்திருந்தது, உனக்கு முன்னால், இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற சக் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. வேதனையில் மனம் எதையாவது காட்டும், தம்பி வந்துவிட்டான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேனாக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்தேன். நீ சத்தம் அடங்கியபிறகுதான் வந்தேன் என்று எழுதினாய். அப்படியானால் நான் கண்ட முகம் பொய். எனக்கு அதைத் தாங்கமுடியவில்லை. அதனால் அளந்து பார்த்தேன்.

எட்டாம் எண்ணில் ஒன்பது என்று போட்டேன். பழைய லேத் மாதிரியே அது ஒன்பது செக்கனில் நின்றது. அண்ணையைப் பொத்தானடியில் நிறுத்தி, “நான் கையைத் தட்ட அமத்துங்கோ” என்றேன். சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலிலிருந்து கிணற்றடிக்கு ஓடினேன். முப்பத்தொரு வயதில், நட்டநடு மத்தியானத்தில். தில்லைநாதன் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கிணற்றுக் கட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது லேத் நின்று குளிர்ந்து கிடந்தது, அண்ணை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இன்னொன்றையும் கவனித்தேன். கிணற்றடியில் தில்லைநாதன் அண்ணையின் தண்ணீர் மெசின் இரைச்சலில் லேத்தின் சத்தம் கேட்கவே கேட்காது. அன்றைக்கும் பங்குனி மாதம், தண்ணீர் இறைக்கிற காலம். நீ கிணற்றடியில் நின்றிருந்தால் ஒன்பது எண்ணியிருக்கவே முடியாது.

இரண்டாம் தரம் பாதி வழியில் நிற்கிற முருங்கை மரம்வரை ஓடினேன். மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். வாசலுக்கு வந்தபோது சக் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு மூன்று சுற்று. மூச்சு வாங்கிக்கொண்டு நீ நின்ற இடத்தில் நின்று அதைப் பார்த்தேன். நீ அதைக் கண்டிருக்கிறாய். எண்ணி முடித்ததும் அந்த இடத்தில்தான். அதனால்தான் கணக்கு உன்னிடம் இருந்தது.

நீ முருங்கை மரத்தடியிலிருந்து திரும்பிவிட்டாய் தம்பி. லேத் நிற்க முன்னமே வந்துவிட்டாய். கிணற்றடி உன் மனம் உனக்குத் தந்த தண்டனை. அதை இனி விட்டுவிடு. நான் அளந்து சொல்கிறேன், இதற்கு மேல் சாட்சி இல்லை.

ஒன்பது செக்கனுக்குள் ஓடிப்போய்த் திரும்பி வந்தவன் நீ. பிறகு போனவன் ஏன் ஆறு வருடமாகியும் வரவில்லை? எனக்கு விரல் போனது கவலைதான். இல்லையென்று சொல்லவில்லை. அதற்காகக் கலியாணம் குழம்பியதும் கவலைதான். ஆனால் நான் அழுதது நீ என் கையைப் பார்க்காமல் போனதற்குத்தான். ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து நீ எனக்குச் சாப்பாடு தரும்போதுகூட மற்றப் பக்கம் பார்த்தாய். நான் கோப்பையை வலது கையால் வாங்கினேன், பார்ப்பாய் என்று. ஐயா செத்த அன்று படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரமுடியாது என்று தெரிந்தும் பார்த்தேன்.

இப்போது வா என்று எழுதலாம் என்றால் பாதை இல்லை. ரயில் இல்லை. குண்டு போடுகிறார்கள், நாங்கள் பதுங்குகுழிக்குள் இருக்கிறோம். வராதே. கையை எடுத்துக் கும்பிடுகிறேன், இப்போது வராதே. பிறகு வா.

நான் ஓடி அளந்தது ஒரு சனிக்கிழமை. திங்களன்று எண்ணைத் திரும்ப இரண்டாக மாற்றலாம் என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கிழமையே கரண்ட் போனது. குடாநாடு முழுக்க இல்லை, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சிவப்பு வெளிச்சம் அணைந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அண்ணை லேத்துக்குக் கிறீஸ் பூசிச் சாக்கால் மூடிவிட்டார். கிழமைக்கு ஒருதரம் நான் போய்ச் சக்கைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிடுகிறேன், இறுகிப்போகாமல் இருக்க. வலது கையால்தான்.

கரண்ட் போனாலும் பெட்டி மறக்காது என்று எழுதினாய். அப்படியானால் எட்டாம் எண்ணில் இப்போதும் ஒன்பதுதான் இருக்கிறது. கரண்ட் வந்தாலும் அதை மாற்றாமல் யாரும் லேத்தைப் போடக்கூடாது என்று அண்ணையிடம் சொல்லிவிட்டேன். நானும் மாற்றமாட்டேன்.

நீ வந்து மாற்று.

உன் அக்கா,
பராசக்தி